நாலாவது நிமிஷம்

நீங்கள் முதலில் லைனை வைக்கக் கூடாதாம், அப்படித்தானே? எனக்குத் தெரியும். என் அறைத்தோழியின் அண்ணன் ஓசூரில் இதே வேலைதான் பார்க்கிறான். வாடிக்கையாளர் வைத்த பிறகுதான் நீங்கள் வைக்க வேண்டும், முந்திக்கொண்டால் உங்களுக்கு மதிப்பெண் போய்விடும். பயப்படாதீர்கள், நானும் வைக்கப் போவதில்லை. நாலு நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள், இன்று எடுத்துவிட்டேன். "எங்க ஆப்புல இருந்து ஏன் மேடம் விலகினீங்க" என்று கேட்டீர்கள். கேட்டாகிவிட்டது இல்லையா, இனி பதிலையும் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

மேடம் வேண்டாம். கோமதி என்றே சொல்லுங்கள். உங்கள் திரையில் பெயர் இருக்குமே. உங்கள் பெயர்? கஸ்தூரியா. கோயம்புத்தூர்ப் பக்கமா? அந்த 'ங்க'விலேயே தெரிந்துவிட்டது. நான் சங்கரன்கோவில். இப்போது திருநெல்வேலியில் எம்.ஏ. பொருளியல், இரண்டாம் வருஷம், ஹாஸ்டல். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பீர்கள் போல, அதனால் அக்கா என்கிறேன். சரிதானே?

அக்கா, உங்கள் கம்பெனிக்கு என்ன வியாதி என்று முதலில் நான் சொல்கிறேன். போன செமஸ்டர் கருத்தரங்கில் நான் பேசியதே இதைப் பற்றித்தான். பத்துப் பேரைச் சேர்க்க ஊரெல்லாம் விளம்பரம் செய்கிறீர்கள். மாதம் முடிவதற்குள் எட்டுப் பேர் ஓடிவிடுகிறார்கள். ஓடியவர்களைப் பிடிக்க உங்களைப் போல இருபது பேரை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். பெரிய கம்பெனிக்காரன் கிரிக்கெட்டை மொத்தமாக வாங்கிப் போட்டுவிட்டான். திருட்டுப் பிரதிக்காரன் படம் வந்த அன்றைக்கே குரூப்பில் போட்டுவிடுகிறான். ஒருத்தர் பாஸ்வேர்டில் ஒரு தெருவே பார்க்கிறது. நடுவில் நீங்கள், தமிழில் மட்டும் படம் காட்டுகிற ஒரு சின்னக் கடை. பரிதாபம்தான். நான் பரிதாபப்படுகிறவள்தான். ஆனால் மளிகைக் கடை அண்ணாச்சிகூட, வழக்கமாக வருகிறவள் வராமல் போனால், "என்னம்மா, ஊருக்குப் போயிருந்தியா, பருப்பு சரியில்லையா" என்று வாய்விட்டுக் கேட்பார். உங்கள் கடை வாயைத் திறந்து கேட்பதே இல்லை. கல்லாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, யார் எத்தனை நிமிஷம் நின்றாள் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது.

அதுதான் என் புகார். இனி கதை.

பெனிலா என்று ஒருத்தி. குலசேகரத்துக்காரி. என்னைவிட நாலு வருஷம் மூத்தவள், ஆனால் நீ, வா, போ என்றுதான் பேசுவேன். நான் இங்கே இளங்கலை சேர்ந்தபோது அவள் இதே ஹாஸ்டலில் முதுகலை. ஒரே அறை. விடிந்தால் சண்டை. கடவுள், கல்யாணம், சாம்பாரில் முருங்கைக்காய் போடலாமா கூடாதா, எதுவாக இருந்தாலும் அவள் ஒரு பக்கம், நான் மறுபக்கம். "ஏட்டி, நீ ஜெயிக்கணும்னே தப்பான பக்கத்துல போயி நிக்கிய" என்பாள். நின்றிருக்கிறேன்தான். ஜெயித்துமிருக்கிறேன்.

அவள் அம்மா முந்திரி ஆலையில் பதினெட்டு வருஷம் கொட்டை உடைத்தவர். அந்தத் தோட்டில் ஒரு எண்ணெய் இருக்கிறது அக்கா, பட்டால் தோல் கருத்து வெந்துவிடும். சாம்பலைத் தடவிக்கொண்டு உடைப்பார்கள், அப்படியும் கருக்கும். பெனிலா சென்னைக்குப் போய், எடிட்டிங் அறைகளில் மூன்று வருஷம் கிடந்து, கெஞ்சிக் கூத்தாடி, ஆறு பாகத்தில் ஒரு தொடர் எடுத்தாள். 'எட்டு மணிச் சங்கு'. ஆலையில் வேலை செய்கிற ஐந்து பெண்கள், அவ்வளவுதான் கதை. பெரிய கடைகள் எதுவும் வாங்கவில்லை. நீங்கள் வாங்கினீர்கள். அந்த நன்றி எனக்கு இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை போட்டீர்கள். முதல் பத்து நாளில் எத்தனை பேர் பார்க்க ஆரம்பிக்கிறார்களோ, அதில் பாதிப் பேராவது ஆறு பாகத்தையும் முடிக்க வேண்டும். முடித்தால் இரண்டாம் சீசன். இல்லையென்றால் இல்லை. பெனிலாவுக்கு மூச்சே அந்த இரண்டாம் சீசன்தான். முதல் சீசனில் வேலைநிறுத்தம் தொடங்குகிற இடத்தில் நிறுத்தியிருக்கிறாள். மீதிக் கதை முழுக்க அதற்கப்புறம்தான்.

இந்த 'பாதிப் பேர்' நிபந்தனை அப்போது எனக்குத் தெரியாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். "நிறைய பேரு பாக்கணும்டி" என்று மட்டும்தான் அவள் சொன்னாள். நிறைய பேர் பார்க்க வேண்டும் என்றால் என்ன அர்த்தம்? நீங்களே விளம்பரத்தில் போடுகிறீர்கள், 'ஒரே வாரத்தில் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள்' என்று. அந்த ஒரு லட்சம், திறந்தவர்களின் எண்ணிக்கை. முடித்தவர்களின் எண்ணிக்கை இல்லை. அப்படியானால் திறக்க வேண்டும் என்றுதானே ஒரு மனுஷி புரிந்துகொள்வாள்? நியாயமாகச் சொல்லுங்கள்.

பின்னால் யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள் போலிருக்கிறதே. டீயா? போய்க் குடித்துவிட்டு வாருங்கள் என்று சொல்லத்தான் ஆசை. வேலை செய்கிறவர்களுக்கு இடைவேளை உரிமை என்று போன மே தினத்துக்குத் துண்டறிக்கை எழுதியவளே நான்தான். ஆனால் இப்போது முக்கியமான இடத்துக்கு வந்திருக்கிறேன் அக்கா. டீ ஆறினால் வேறு டீ வரும்.

பெனிலாவுக்குச் சொல்லாமல் நான் ஒரு காரியம் செய்தேன். இரண்டாம் சீசன் உறுதியானதும் சொல்லி அவளை அழவைக்க வேண்டும் என்று நினைத்தேன். ஹாஸ்டலில் அறை அறையாக ஏறி இறங்கினேன். "நம்ம ஹாஸ்டல் பொண்ணு எடுத்தது. ஆளாளுக்கு ஆப்பை எறக்குங்க, ஏழு நாள் இலவசம், முதல் பாகத்தைத் திறங்க" என்று பேசினேன். பேசினால் நான் பேசுவேன். வேதியியல் துறைக்காரி ஒருத்தி, "முந்திரிப் பருப்புக்கெல்லாம் புரட்சியா" என்றாள். அவள் கட்டிலிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினேன். கடைசியில், "நீ எந்திரிச்சுப் போறதுன்னா நான் இறக்கிடுறேன்" என்று இறக்கினாள். மொத்தம் நூற்றுப் பதினெட்டுப் பேர். இரண்டே நாளில்.

இப்போது எங்கள் ஹாஸ்டல் வழக்கம் ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே எதையும் தனியாகப் பார்க்க மாட்டோம். ஒரு தொடரை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதாகப் பேசி வைத்திருக்கும்போது, ஒருத்தி மட்டும் போர்வைக்குள் முன்னாலேயே பார்த்துவிட்டு வந்தால் அவள் துரோகி. ஒரு வாரம் அவளோடு யாரும் பேச மாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை டம்ளர் முழுக்க அவள்தான் கழுவ வேண்டும். அதனால் நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: எல்லோரும் அவரவர் போனில் திறங்கள், தலைப்பு விழுந்ததும் நிறுத்திவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை மதியம் மெஸ் ஹாலில் திரை கட்டிச் சேர்ந்து பார்ப்போம்.

தலைப்பு எப்போது விழும் தெரியுமா அக்கா? நாலாவது நிமிஷத்தில்.

அதற்கு முன்னால் இருப்பது ஒரே காட்சி. வசனம் கிடையாது. ஒரு அம்மா உட்கார்ந்து கொட்டை உடைக்கிறார். கை மட்டும்தான் தெரியும். கன்னங்கரேலென்ற கை. டக், டக் என்று ஒரே தாளம். மடியில் போன் அடிக்கிறது. கையால் தொட முடியாது, தொட்டால் எண்ணெய். அடித்து ஓய்கிறது. மறுபடி அடிக்கிறது. நாலாம் தடவை குனிந்து முகவாயால் அழுத்திவிட்டு, "சொல்லு மக்ளே" என்கிறார். தலைப்பு விழுகிறது. அந்த அம்மா நடிகை இல்லை. பெனிலாவின் அம்மாவேதான்.

ஞாயிற்றுக்கிழமை சிக்கன் குழம்பு முடிந்து, மேஜைகளை ஓரம் தள்ளி, துறையிலிருந்து புரொஜெக்டர் வாங்கி வந்து, ஜன்னல்களில் போர்வை கட்டி, நூற்றுப் பதினெட்டுப் பேரும் தரையில் உட்கார்ந்து பார்த்தார்கள். சோஃபியா என்கிற பெண்ணின் லாப்டாப்பில், அவள் கணக்கில். எங்கள் மெஸ்ஸில் வேலை செய்கிற தங்கபுஷ்பம் அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்றவர் கடைசிவரை நின்றார். "இந்தப் பொம்பளைய அஞ்சு பேரும் ஆறு பாகமா ஒருநாகூட லீவு போடல, யாருக்குமே காய்ச்சலே வராதா" என்று ஒரு குறை மட்டும் சொன்னார். மூன்றாம் பாகம் முடிந்தபோது ஹாலில் மூக்கு உறிஞ்சுகிற சத்தம்தான். அப்படிப் பார்த்தார்கள். சென்னையில் எந்தத் தியேட்டரிலும் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முடிவு என்னவா? கடைசியில் வேலைநிறுத்தம் எப்படித் தொடங்குகிறது என்கிறீர்களா? அது... ஐந்தாம் பாகமும் ஆறாம் பாகமும் நான் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை அக்கா. வார்டன் வந்து, மெஸ் ஹாலை யாரைக் கேட்டு இருட்டாக்கினீர்கள் என்றார். விடுவேனா? வெளியே நின்று ஒரு மணி நேரம் வாதாடினேன். கூடும் உரிமை, பொது இடம், எல்லாம் பேசினேன். அவர் போன பிறகு உள்ளே வந்தால் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் தட்டினேன்.

ஆறாம் நாள் எல்லோர் போனிலும் அலாரம். அதுவும் வழக்கம்தான், ஏழாம் நாள் பணம் பிடித்துவிடுவீர்கள் அல்லவா. யாரும் மறந்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நானே வாட்சப்பில் நினைவூட்டினேன். ஒரே மதியத்தில் நூற்றுப் பதினெட்டுப் பேரும் வெளியே வந்துவிட்டோம். அதைத்தான் இப்போது ஏன் என்று கேட்கிறீர்கள்.

பத்தாம் நாள் பெனிலா கூப்பிட்டாள். குரல் அவள் குரலாகவே இல்லை. உங்கள் ஆட்கள் அறிக்கை அனுப்பியிருந்தார்களாம். ஆயிரத்து இருநூற்று நாற்பது பேர் ஆரம்பித்தார்கள், ஐந்நூற்று எண்பத்தொன்பது பேர் முடித்தார்கள். பாதிக்கு முப்பத்தொன்று குறைவு. சீசன் இல்லை.

"அது போட்டும்டி" என்றாள். "ஒண்ணு சொல்லுதேன் கேளு. திருநெல்வேலியில மட்டும் நூத்திப் பதினேழு பேரு. எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயசுப் பிள்ளைய. டைட்டில் விழுந்த அதே செகண்டுல ஆஃப் பண்ணிட்டுப் போயிருக்காளுவ. திரும்பி ஒருத்தியும் வரல. ஆறாம் நாளு மொத்தமா விலகிட்டாளுவ. அப்பிடி வெறுத்துப் போற மாதிரி என்னத்தட்டி எடுத்து வச்சிருக்கேன் நானு?"

நான் என்ன சொன்னேன் என்கிறீர்களா? நிறையச் சொன்னேன். இந்த அளவுகோலே மோசடி என்றேன். நூறு பேர் ஒரு சுவரில் பார்த்தால் ஒருத்தர் என்று எண்ணுகிற எந்திரத்துக்குப் பார்வை என்றால் என்னவென்றே தெரியாது என்றேன். பொதுவாகத்தான் சொன்னேன், எங்கள் சுவர் என்று சொல்லவில்லை. முதலாளித்துவம் மனிதர்களின் கவனத்தை நிமிஷமாக நறுக்கி விற்கிறது என்றேன். முக்கால் மணி நேரம் பேசியிருப்பேன். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. அதுதான் எனக்கு... அவள் எப்போதும் எதிர்ப்பக்கம் பேசுகிறவள். கடைசியில், "நீயாவது முழுசாப் பாத்தியாட்டி" என்று கேட்டாள்.

பார்த்தேன் என்றேன்.

"முடிவு பிடிச்சுதா?"

பிடித்தது என்றேன். வேறு என்ன சொல்வது?

கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருப்பேன் என்று நினைக்காதீர்கள். நான் பொருளியல் படிக்கிறவள். சோஃபியா தவிர்த்த அந்த நூற்றுப் பதினேழு பேர் திறக்காமலே இருந்திருந்தால், மற்றவர்களில் பாதிக்கு மேலேயே முடித்ததாகக் கணக்காகியிருக்கும், சீசன் வந்திருக்கும். அவரவர் போனில் ஓடவிட்டுத் தூங்கியிருந்தால்கூட வந்திருக்கும். பார்க்காமல் ஓடவிட்டிருந்தால் வந்திருக்கும், உட்கார்ந்து அழுது பார்த்ததால் வரவில்லை. இதைவிட உங்கள் கம்பெனிக்கு ஒரு செருப்படி உண்டா? குற்றம் யாருடையது, சொல்லுங்கள். அளவுகோல் போட்டவனுடையதா, அதை வெளியே சொல்லாமல் வைத்திருந்தவனுடையதா, ஆர்வத்தோடு திறந்தவளுடையதா? மூன்றாவது ஆள் நான் என்பதால் சொல்லவில்லை. தர்க்கமாகத்தான் சொல்கிறேன்.

இன்னும் முடியவில்லை. உங்கள் ஆட்கள் பெனிலாவுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கிறார்களாம், பெரிய மனது. முதல் நாலு நிமிஷம் மக்களை விரட்டுகிறது, தரவு அப்படிச் சொல்கிறது, அதை வெட்டிவிட்டு நேராகச் சண்டைக் காட்சியில் ஆரம்பியுங்கள், இன்னொரு மாதம் ஓட்டிப் பார்க்கிறோம் என்றார்களாம். சனிக்கிழமைக்குள் அவள் கொடுக்க வேண்டும். இன்று வியாழன். இந்த நேரம் அவள் அந்தக் காட்சியைத்தான் வெட்டிக்கொண்டிருப்பாள்.

அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். "அம்மா, உன் சீனை எடுக்கச் சொல்லுதாவ." அதற்கு அவர் என்ன சொன்னாராம் தெரியுமா? "எடுத்தா எடுக்கட்டும் மக்ளே. கை அசிங்கமாட்டுதான் இருக்கு. படிக்கிற பிள்ளைய பாத்தா முகத்தத் திருப்பத்தான் செய்யும்."

இருக்கிறீர்களா அக்கா?

என்ன கேட்டீர்கள்? "அவங்ககிட்ட சொல்லலையாங்க" என்றா?

எதைச் சொல்வது? சொன்னால் என்ன ஆகும்? யோசித்துப் பாருங்கள். சொன்னால் அவள் அளவுகோலைத் திட்டுவதை விட்டுவிட்டு என்னைத் திட்டுவாள். கம்பெனி தப்பித்துக்கொள்ளும். அமைப்பு செய்த தவறு தனி ஆள் தவறாகச் சுருங்கிவிடும். அரசியலாகப் பார்த்தால் அது சரியில்லை. அவள் அம்மாவிடமா? அந்த அம்மாவுக்கு நான் போன் செய்து என்ன சொல்வேன், நூற்றுப் பதினெட்டுப் பிள்ளைகளும் உங்கள் கையைப் பார்த்து முகத்தைத் திருப்பவில்லை, நான்தான் நிறுத்தச் சொன்னேன் என்றா? சொல்லலாம். சொல்லக் கூடாது என்றில்லை. சரியான நேரம் வர வேண்டும். சனிக்கிழமைக்கு அப்புறம், அவள் கொஞ்சம் ஆறிய பிறகு. என்னிடம் நியாயம் இருக்கிறது அக்கா. நியாயம் இருக்கிறவள் எதற்கு அவசரப்பட வேண்டும்?

சரி, சரி, உங்கள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள். காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும், அவ்வளவுதானே? என்னென்ன இருக்கிறது? விலை அதிகம். பிடித்த படம் இல்லை. ஆப் சரியாக ஓடவில்லை. நேரமில்லை. மற்றவை. ஐந்துதானா? உலகத்தில் ஒரு மனுஷி வெளியே போக ஐந்தே காரணமா? நல்லது. மற்றவை போடுங்கள். போட்டு, நான் இவ்வளவு நேரம் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று விடாமல். மெஸ் ஹால், நூற்றுப் பதினெட்டுப் பேர், தலைப்பு விழுந்ததும் நிறுத்தச் சொன்னது, எல்லாம். யாராவது ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும். அதற்குத்தானே இவ்வளவு நேரம் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசினேன்.

யார் படிப்பார்கள்? உங்கள் மேலாளரா?

எடுத்தவர்களுக்கே போகுமா? எந்தத் தொடரைப் பற்றிச் சொல்கிறோமோ அதை எடுத்தவருக்கு? பெயரோடும் ஊரோடுமா. எத்தனை நாளில்? இன்று மாலைக்குள்ளா.

இல்லை, நல்ல ஏற்பாடுதான். நல்ல ஏற்பாடு இல்லை என்று யார் சொன்னது? சனிக்கிழமைக்கு முன்னால் போய்விடும் என்று எனக்கும் புரிகிறது அக்கா, நீங்கள் சொல்ல வேண்டாம்.

தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டீர்களா? எதுவரை? 'மெஸ் ஹாலில்' வரையா. அதை அழித்துவிடுங்கள். வேண்டாம் என்கிறேன். நான் என்ன எழுதச் சொல்கிறேனோ அதைத்தானே நீங்கள் எழுத வேண்டும், விதி அதுதானே?

விலை அதிகம். அதைப் போடுங்கள்.

ஒரு ரூபாய்கூட நான் கட்டவில்லை, இலவச வாரத்திலேயே போய்விட்டேன் என்று காட்டுகிறதா? காட்டட்டும். அதையே போடுங்கள் அக்கா.